பிடி அரிசி கட்டிய பள்ளிக்கூடம்

க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்ட 1880களில் விருதுநகருக்கு விருதுபட்டி என்றுதான் பெயர். பருத்தியும் வத்தலும் எண்ணெய் வித்துகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் வியாபார ஊர். மதுரை, தூத்துக்குடி ரயில் பாதை அதன் வழியே போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஊரில் இந்தப் பள்ளியைத் தாங்கி நிறுத்தியவை இரண்டு சின்னப் பழக்கங்கள். ஒன்று கடையில் நடந்தது. அதற்கு மகமை என்று பெயர். மற்றது அடுப்படியில் நடந்தது. அதுதான் பிடி அரிசி.

சோறு வைக்க அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார்கள். கல்லும் நெல்லும் பொறுக்கியாகிவிட்டது, உலை கொதிக்கிறது. களைவதற்கு முன், அந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கும் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்கள். ஆறேழு பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு பிடி குறைந்ததை வயிறு கண்டுபிடிக்காது. கலயம் நிறைந்ததும் ஆள் வந்து சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். ஒரு வீட்டுப் புழுங்கலும் அடுத்த வீட்டுப் பச்சரிசியும் ஒரே சாக்கில் கலக்கும். விற்றுக் கிடைக்கும் காசு பள்ளிக்குப் போகும்.

ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 நாளில் ஒரு வீட்டில் சேர்வது 1,200 கிராம். 500 வீடு சேர்ந்தால் மாதம் 600 கிலோ. ஒரே நாளில் ஒரு கிலோ அரிசியை எடுத்துக் கொடு என்று கேட்டிருந்தால் எத்தனையோ ஏழை வீடுகள் திகைத்துப் போயிருக்கும். ஒரு பிடியைக் கேட்டபோது கதவு திறந்தது.

மகமையின் கதை இதைவிடப் பழையது, நீளமானது. 1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து, சாலைகளில் நடமாட்டம் பெருகியபோது, திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுப் பகுதிகளிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியையும் கருவாட்டையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழிப்பறி பயம் தீர்ந்தபாடில்லை. மதில் எழுப்பிய பேட்டைகள் தேவைப்பட்டன. வண்டியை அவிழ்த்துப்போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சரக்கை இறக்கிவைத்து, ராத்திரி கவலையில்லாமல் கண்ணயர ஓர் இடம். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இந்தக் குடியிருப்புகள் வேரூன்றின. பேட்டையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அதற்கு ஒவ்வொரு வியாபாரியும் தன் வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு பங்கைப் பொதுவில் வைத்தார். பங்கை வாங்கவும், கணக்குப் பார்க்கவும், சண்டை வந்தால் பேசித் தீர்க்கவும் உறவின்முறை என்ற சாதிச் சபை இருந்தது.

வணிகர்கள் இப்படி ஒதுக்குவது அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் கூடி, இன்ன சரக்குக்கு இவ்வளவு என்று விகிதம் போட்டுக் கோயிலுக்குக் கொடுக்க ஒத்துக்கொண்ட செய்தியை அது சொல்கிறது. உப்பு, பாக்கு, மிளகு, சுக்கு, மஞ்சள், பருத்தி, நூல், இரும்பு, தேன், சந்தனம் என்று பட்டியல் நீண்டு குதிரை, யானை வரை போகிறது. அந்த ஒதுக்கீட்டுக்கு அக்காலப் பெயர் பட்டணப்பகுடி. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து போன இடங்களிலும் மகமை உடன் போனது. இலங்கையிலும் மலாயாவிலும் அது கோயில்களை எழுப்பியது.

விருதுபட்டி நாடார் வணிகர்கள் செய்த பெரிய காரியம், கோயிலுக்கும் பேட்டைக்கும் போன பணத்தைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பியது. அதற்கான காரணம் அவர்கள் பட்ட அவமானத்தில் இருந்தது. கையில் காசு சேர்ந்த பிறகும் பல கோயில்களின் வாசல் அவர்களுக்கு அடைத்தே கிடந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்த விவகாரம் வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. இப்படிப்பட்ட காலத்தில் எழுந்த பள்ளி, தன் வாசலை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தது. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் பள்ளி வாசலில் யாரையும் தடுக்கவில்லை என்பதை இந்த வரலாற்றின் மிக உயர்ந்த பக்கமாகவே சொல்ல வேண்டும்.

மகமை எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வியாபாரி சரக்கு விற்றுப் பட்டியல் போடும்போதே சரக்கு விலை, கூலி, தரகு ஆகியவற்றோடு மகமையும் ஒரு வரியாக ஏறிவிடும். சாயங்காலம் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கணக்கை ஏற்றும்போது மகமைக்கென்று இருக்கும் பக்கத்தில் வரவாகும். லாபம் வந்ததா, நட்டமா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கும் பணம் அல்ல அது. வருஷக் கடைசியில் மனமிருந்தால் எடுத்துக் கொடுக்கும் நன்கொடையும் அல்ல. கல்லாவுக்குள் வரும்போதே அது ஊருடைய பணம். மனசு மாறுவதற்கு இடைவெளியே இல்லாதபடி அந்த வழக்கத்தை முன்னோர் அமைத்திருந்தார்கள்.

வட இந்தியக் கடைவீதிகளில் இதே வழக்கத்துக்குத் தர்மாதா என்று பெயர். வாங்குகிறவரிடம் தர்மத்துக்கென்று வசூலித்த தொகை வியாபாரியின் வருமானமா என்ற கேள்வி, பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. தொடக்கத்திலேயே தர்மத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் அவர் வருமானம் ஆகாது என்று 1979இல் தீர்ப்பானது. பேரேட்டில் தனிப் பக்கம் போட்ட பழைய வியாபாரிகள் கடைப்பிடித்ததும் அதே நியாயத்தைத்தான்.

அன்றாடப் பழக்கம் என்றால் இன்று பலரும் மனவுறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். புத்தாண்டன்று சபதம், தைரியம் சொல்லும் புத்தகம், கைபேசியில் நினைவூட்டல். விருதுபட்டியின் பழக்கங்கள் மனவுறுதியை நம்பியிருக்கவில்லை. அரிசி அளப்பதும் பட்டியல் போடுவதும் எப்படியும் தினம் நடந்தே தீரும் வேலைகள். அவற்றோடு முடிச்சுப் போட்டதால் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனி முயற்சி தேவைப்படவில்லை. ஒதுக்கியதை வந்து வாங்க ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டிலும் அதே கலயம் இருந்தது. போன பணம் என்ன ஆனது என்று கேட்டால், மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடும் கட்டடத்தைக் காட்ட முடிந்தது.

இதற்குச் சில பத்தாண்டுகள் முன்பாகவே, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில், குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா என்ற பாதிரியார் பிடி அரிசியைப் பள்ளிக்குள் கொண்டுவந்திருந்தார். 1861இல் திருச்சபையின் குருகுல முதல்வரான அவர், தேவாலயம்தோறும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பள்ளி வைத்தால் போதாது, ஏழைப் பிள்ளை பசியோடு வந்து உட்கார்ந்தால் எழுத்து ஏறாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வீடுகளில் ஒதுக்கிய பிடி அரிசி அந்தப் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சியாயிற்று. 1914இல் தோன்றிய நாயர் சர்வீஸ் சொசைட்டிக்காக மன்னத்து பத்மநாபனும் பிடி அரிசி திரட்டினார். வடகிழக்கே மிசோ மலைகளில் தேவாலயப் பெண்கள் 1910இல் இதைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி. அங்கே அதன் பெயர் புஹ்ஃபாய் தாம். இன்றுவரை அது நின்றுபோகவில்லை. மலை மலையாகச் சேர்ந்த அந்த அரிசியை விற்ற பணத்தில் அந்தத் திருச்சபையின் ஊழியங்கள் பல நடக்கின்றன. வெவ்வேறு மதம், வெவ்வேறு மொழி. சோறு தின்னும் ஊர்கள் எல்லாமே தம் அடுப்படியிலேயே ஓர் உண்டியல் இருப்பதைக் கண்டுகொண்டன.

விருதுபட்டிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் 1903இல் பிறந்த காமராஜர். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் சிவகாமி அம்மாள் நகைகளை விற்றுப் பணத்தை ஒரு வணிகரிடம் கொடுத்துவைத்து, அதிலிருந்து மாதாமாதம் வரும் வட்டியில் குடும்பம் நடத்தினார். முதலைத் தொடாமல் வட்டியில் வயிறு கழுவிய அந்தக் கண்டிப்பும் அதே ஊரின் படிப்பினைதான். ஆனால் ஊரார் தாங்கிய பள்ளியில் இடம் கிடைத்தும், வீட்டு நிலைமை அவரை ஆறாம் வகுப்போடு மாமாவின் துணிக்கடைக்கு அனுப்பிவிட்டது. கட்டடமும் வாத்தியாரும் இருந்தாலும் பசியும் குடும்பப் பாரமும் பிள்ளையை வெளியே இழுத்துவிடும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. 1954இல் முதலமைச்சரான அவர், 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். தொடக்க ஆண்டுகளில் அரசு மட்டும் அதைச் சுமக்கவில்லை, ஊராரும் பங்கு கொடுத்தார்கள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டினார். மேசை, நாற்காலி, சீருடை, தட்டு, டம்ளர் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மகமை வளர்த்த கணக்குப் பழக்கம் வேறு பக்கமும் கிளைத்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இல் எழுந்தது.

இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் குறை ஒன்று உண்டு. மகமை ஆண்களின் கணக்கு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பேரேட்டில் இருக்கிறது. பெரிதாகக் கொடுத்தவர் பெயர் கல்லிலும் ஏறியது. பிடி அரிசி பெண்களின் கை. அது சாக்கில் விழுந்த கணமே எந்த வீட்டுப் பிடி, எந்தக் கைப் பிடி என்ற அடையாளம் போய்விட்டது. வருஷக்கணக்காகத் தினமும் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அந்த அரிசியால் படித்தவர்களும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. அவர்களுடைய சகோதரிகள் வயதுக்கு வந்ததும் வீட்டோடு நின்றார்கள். விருதுநகரில் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி திறந்தது 1962இல். முதல் கலயத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவே ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கிடக்கிறது. அத்தனை நாளும் பெண்கள் பிடி பிடியாக ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடுகு டப்பாவில், அஞ்சறைப் பெட்டியின் அடியில், சேலைத் தலைப்பு முடிச்சில். ஆபத்துக்கு எடுத்துக் கொடுத்ததை வீடே மறந்துபோகும்.

உறவின்முறையின் கண்டிப்பையும் மறைக்கக் கூடாது. மகமை கொடுக்காதவருக்கு ஊரில் மதிப்பிருக்காது. கட்டுப்பாட்டை மீறினால் அபராதம் உண்டு. ஊர்க்கூட்டத்தின் முன்னால் நிற்க வேண்டிய பயமும் அந்தப் பழக்கத்தைக் காத்தது. சொந்த சாதிக்குள்ளேயே அதிகாரம் ஏறியவரும் இறங்கியவரும் இருந்தார்கள். இவை தெரிந்தும், கையிலிருந்த சிறுகாசைப் பிள்ளைகளின் படிப்பாக மாற்றிய அவர்களின் தொலைநோக்கைக் கொண்டாடாமல் இருக்க முடியவில்லை.

பெண்கள் சிறுகச் சிறுக ஒதுக்கும் பழக்கம் பின்னாளில் வேறொரு வடிவம் எடுத்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு அரசின் மகளிர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை சேர்ந்தால் ஒரு சுய உதவிக் குழு. குறித்த நாளில் கூடுவார்கள். தீர்மான நோட்டில் வந்தவர்களின் பெயர் எழுதப்படும். ஆளுக்கு ஒரு சிறு தொகை சேமிப்பில் விழும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ ஆடு வாங்கவோ மருத்துவச் செலவுக்கோ அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கொடுப்பார்கள். இந்த முறை கொடுத்தவர் பெயர் நோட்டில் இருக்கிறது, வங்கிக் கணக்கும் அவர்கள் குழுவின் பெயரில் இருக்கிறது. தருமபுரியில் தொடங்கிய அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. கைநாட்டு வைத்துச் சேர்ந்த பெண்கள் பலர் அந்த நோட்டில் கையெழுத்துப் போடவும் அங்கேயே கற்றுக்கொண்டார்கள்.