வேங்கைக் கீறல், களிமண் கீறல்

வேங்கை மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறிவிட்டால் சற்று நேரத்தில் சிவப்பாகக் கசியத் தொடங்கும். வேங்கைப் பால் என்று சொல்வார்கள், பார்த்தால் இரத்தம்தான். காய்ந்தபின் கறுஞ்சிவப்புக் கட்டியாகி, விரலில் நசுக்கினாலே பொடியும். கைக்குழந்தைக்குப் பொட்டு வைக்க இதைச் சிரட்டையில் காயவைத்து எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவுகளில் வாழும் ஆலு குறும்பருக்கு அது காகிதத்தில் தீட்டும் நிறம்.

சாந்திநிகேதனில் ஓவியர் சோம்நாத் ஹோர் கீறியது களிமண் தகட்டை. 1970களின் தொடக்கம் அது. கத்தியால் வெட்டி, குத்தி, சில இடங்களில் சூடு வைத்ததுபோல் பிதுக்கி, அந்தத் தகட்டின்மேல் சிமெண்டில் அச்செடுத்தார். அச்சுக்குள் ஈரக் காகிதக்கூழை அழுத்தினார். காய்ந்து வெளிவந்த வெள்ளைத் தாளில் மையே கிடையாது. எங்காவது ஓரிடத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு. அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் 'காயங்கள்'.

இந்த இரண்டையும் யாரும் ஒரே சுவரில் மாட்டுவதில்லை. ஒன்று கைவினைக் கடையில் கிடைக்கும். மற்றது தேசிய அருங்காட்சியகங்களில் இருக்கும். ஆனால் இரண்டுமே நம் காலத்துக் காகிதக் கலை. இரண்டும் ஒரு கீறலில் தொடங்குகின்றன. ஒன்றில் மரம் காயப்படுகிறது, காகிதம் அதை வாங்கிக்கொள்கிறது. மற்றதில் காயம் பட்டதே காகிதம்தான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், காகிதத்தை வெறும் பரப்பு என்று நினைக்கும் பழக்கம் கொஞ்சம் தளரும்.

குறும்பர் ஓவியத்துக்குக் காகிதம் புதிது. குறும்பர் ஊரான வெள்ளரிக்கொம்பைக்கு அருகே எழுத்துப் பாறை என்ற பாறை இருக்கிறது. அதிலுள்ள ஓவியங்கள் மூவாயிரம் ஆண்டு பழையவை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். குறும்பரோ, எங்கள் பாட்டன்மார் வரைந்தது என்கிறார்கள். பாறைக்குப் பிறகு சுவர். விழா நாட்களில் கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வரைவார்கள். உருவங்களை வரைவது பெரும்பாலும் கோயில் காரியம் பார்க்கும் குடும்பத்து ஆண்கள். கதவையும் சன்னலையும் சுற்றிவரும் கோலம் பெண்களுடையது. சிவப்புக்குச் செம்மண், வெள்ளைக்குப் போதிமண், கறுப்புக்குக் கரிமரப் பட்டை, பச்சைக்குக் காட்டவரை இலை. சுவரை மறுபடி மெழுகும்போது பழைய படம் போய்விடும். அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. படம் போகும், வரையத் தெரிந்த கை ஊரில் இருக்குமே.

பிறகு சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் போன்ற அமைப்புகள் பயிற்சி தந்து அந்தக் கைகளைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தன. வெள்ளரிக்கொம்பையின் ஆர். கிருஷ்ணன், கிட்னா என்று பலரும் அறிந்தவர், இந்த மாற்றத்தின் முகமாகவே ஆனார். பாறை ஓவியத்தில் பழகிய கண்ணோடு, வேங்கைப் பிசினையும் இலைச்சாற்றையும் தாளில் இறக்கினார். இப்போது அவர் இல்லை.

காகிதம் கொடுத்தது என்ன? முதலில் நான்கு மூலை. சுவரில் கதவும் சன்னலும் படத்தின் எல்லையை முடிவு செய்தன. தாளில் அப்படி எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. இரண்டாவது கையெழுத்து. சுவரில் யார் பெயரும் கிடையாது; தாளின் ஓரத்தில் பெயர் வந்தது, பெயரோடு விலையும் வந்தது. தபாலில் அனுப்பலாம், அட்டையில் ஒட்டிச் சட்டமிடலாம். எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், என் கணக்கில் அளவு. ஊட்டிக்கு வருகிறவர் பெட்டிக்குள் அடங்கும் தாளில் தேனெடுப்பும் திருவிழா ஆட்டமும் திரும்பத் திரும்ப வருகின்றன. வாழ்த்து அட்டையாகச் சுருங்கிய சிலவற்றைப் பார்த்தபோது அலுப்பே தட்டியது.

நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் அந்த அலுப்பு போய்விடும். செங்குத்தான பாறை, அதில் அடையடையாகத் தொங்கும் மலைத்தேன், மேலிருந்து இறங்கும் கொடியேணி, ஏணியில் ஒருவன், கீழே காத்திருக்கும் கூட்டம். கைகால்கள் வெறும் கோடுகள்தாம், ஆனாலும் யார் பயப்படுகிறான், யார் வாய் பிளந்து நிற்கிறான் என்று தெரிந்துவிடும். மனிதர் இல்லாத காட்சியைக் குறும்பர் ஓவியத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஹோரின் 'காயங்க'ளில் மனிதரே இல்லை. இது சாதாரண விஷயமில்லை, ஏனென்றால் அவர் மனிதரை வரைந்தே வளர்ந்தவர். 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில், ஓவியர் சித்தப்ரசாத் வழிகாட்ட, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைக் கம்யூனிஸ்ட் கட்சி ஏடுகளுக்காகக் கோடுகளில் பதிந்தவர். 1946இல் வங்கத்தின் தேபாகா போராட்டத்தில் இறங்கிய விவசாயிகளோடு தங்கி நாட்குறிப்பும் படங்களுமாக எழுதியவர். பிறகு செதுக்கோவிய ஆசிரியரானார். உலோகத் தகட்டை அமிலம் தின்னும் வேலை அது. தகடு அரிபடுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்த கண், 1971இன் வங்கத்தைப் பார்த்தது: ஒரு பக்கம் நக்சல்பாரி இளைஞர்களின் சாவு, மறு பக்கம் எல்லை தாண்டி வரும் அகதிகள். அப்போது அவர் முகங்களை விட்டுவிட்டார். உடம்பை விட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொண்டார். காகிதம் தோலாயிற்று.

இதற்குக் காகிதக்கூழைவிடப் பொருத்தமான பொருள் இருக்க முடியாது. கூழில் பசை சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிய வடிய நார்கள் தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அச்சில் இருந்த வெட்டு, மேடு, விளிம்பின் பிசிறு எல்லாம் தாளில் அப்படியே ஏறிவிடும். இங்கே படம் தாளின் மேல் இல்லை, தாள் உருவாகும்போதே அதனோடு உண்டாகிறது. அழிக்க வேண்டுமானால் தாளையே கிழிக்க வேண்டும்.

வேங்கைப் பிசினும் முழுக்க மேலேயே நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது துவர்ப்புச் சத்து நிறைந்தது, தேயிலையைப் போல. சட்டையில் தேநீர் சிந்தியவருக்குத் தெரியும், துவர்ப்பு நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடையில் வாங்கும் போஸ்டர் கலர் தாளின்மேல் படலமாகக் காயும். பிசின் சாயம் ஊறும். அந்த ஒரு வகையில் கிருஷ்ணன் ஹோருக்குப் பக்கத்தில் வருகிறார். இப்போதெல்லாம் எளிதாகக் கிடைக்கிறதே என்று அக்ரிலிக்குக்கு மாறினால் அந்த நெருக்கம் முதலில் போகும். பார்ப்பவர்க்குப் படம் அதேதான் என்று தோன்றும், நிறம் கூடப் பளிச்சென்று இருக்கும்.

இன்னொரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதுமலையில் பரவிவிட்ட அந்நிய மரமான சென்னா ஸ்பெக்டாபிலிஸை வெட்டி, தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்புகிறார்கள். நீலகிரிக் காடே காகிதத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காகிதத்தில் யாராவது வேங்கைப் பாலால் வரைவார்களா, தெரியாது.

குறும்பர் ஓவியத்தையும் 'காயங்க'ளையும் ஒன்றாக மாட்டிப் பார்க்க நான் தேர்ந்தெடுக்கும் இடம் குன்னூரில் ஒரு வீடு, மாதம் ஜூலை. மூடுபனி சன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. 'காயங்கள்' அங்கே தோற்றுப்போகும். அது முழுக்க நிழலால் ஆனது. பக்கவாட்டில் விழும் ஒளி இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் தாள். புகைப்படத்திலும் இதே கதிதான், அச்சுப் புத்தகங்களில் ஹோரைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். தேனெடுக்கிறவனோ அந்த மங்கலிலும் பழுப்பாகத் தெளிவாக நிற்பான். சாயங்காலம் ஒரு மேசை விளக்கைத் தாழ்வாக வைத்துப் பக்கத்திலிருந்து ஏற்றினால் ஹோரின் வெட்டுகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும்.

அதற்குள் சில நாட்கள் ஆகியிருந்தால் குறும்பர் தாளும் ஈரம் குடித்திருக்கும். மலை வீடுகளில் சுவர்க் காலண்டர் அலையலையாக நெளிவதைப் பார்த்தவர்க்கு இது புதிதல்ல. பாறைக்கும் தேனடைக்கும் நடுவே, யாரும் வரையாத இடத்தில், தாள் மேடு தட்டியிருக்கும். அதே விளக்கொளியில் அங்கேயும் ஒரு நிழல் விழும்.