டெலீட்டுக்குப் பக்கத்தில் ஹோம்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அண்ணா இருக்கிறார். கூடப் பிறந்த அண்ணன் இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பிறவியிலேயே பார்வை கிடையாது. பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பழைய லேப்டாப் வாங்கினார். விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியது. "லினக்ஸ் போட்டுடலாம்ணா, வெறும் டெர்மினல் போதும், பறக்கும்" என்றேன். அப்போது நான் ரேஞ்சர் என்ற கோப்பு மேலாளரின் பக்தன். மவுஸே வேண்டாம், எல்லாம் விசைதான். பார்வையில்லாதவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். என் விசை அமைப்புகளை அப்படியே அவர் லேப்டாப்பில் நகலெடுத்தேன். கூடவே நானாக ஒரு காரியம் செய்தேன். அழிக்கும் முன் ரேஞ்சர் கேட்கும் கேள்வி திரையின் அடிவரியில் வருகிறது, குரல் அதைச் சரியாகப் படிக்கவில்லை, மெஷின் நின்றுவிட்டதோ என்று அவர் குழம்பினார். கேள்வியையே எடுத்துவிட்டேன். டெலீட் விசையை அடித்தால் உடனே போய்விடும் என்று வைத்தேன்.

அந்த லேப்டாப்பில் ஹோம், எண்ட், இன்சர்ட், டெலீட் நான்கும் மேல் வரிசையின் ஓரத்தில், ஒரே அளவில், ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு நாள் பட்டியலின் உச்சிக்குப் போக ஹோம் அடிக்கப்போனவர் டெலீட்டை அடித்துவிட்டார். போனது ஒரு ஃபோல்டர். அவருடைய தங்கை கல்யாணமாகிப் போவதற்கு முன், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து கொடுத்த வரலாற்றுப் பாடங்கள்.

அவர் கத்தவில்லை. "நீ கண்ணால பாத்து வச்ச கீ டா இது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாக்கியம் என்னைப் படுத்தியது. இந்த விசைகளையெல்லாம் யார் வைத்தது, எதைப் பார்த்து வைத்தது என்று தேட ஆரம்பித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

*

தட்டச்சு இயந்திரத்தின் வரலாறே பார்வையற்ற ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1808ஐ ஒட்டி, இத்தாலியில் பெல்லெக்ரினோ டுர்ரி என்பவர் பார்வையிழந்த தன் தோழி கரோலினா ஃபான்டோனிக்காக ஓர் எழுதும் இயந்திரம் செய்தார். இயந்திரம் இப்போது இல்லை, அதில் அடித்த கடிதங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. அதற்கு 20 வருடம் கழித்து, 1829இல், லூயி பிரெய்ல் தன் ஆறு புள்ளி முறையை வெளியிட்டார். 1951இல் அமெரிக்காவில் வந்த பெர்கின்ஸ் பிரெய்லரில் எழுத்துக்கென்று ஆறே விசைகள்: இடக்கைக்கு மூன்று, வலக்கைக்கு மூன்று, நடுவில் இடைவெளி. அதே 1951இல்தான் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் முறை ஏற்கப்பட்டது. முதல் புள்ளி மட்டும் என்றால் ‘அ’. தமிழிலும் அதுதான், இந்தியிலும் அதுதான்.

இந்த விசைகள் எல்லாம் விரலை நினைத்துச் செய்தவை. கணினி விசைப்பலகையில் அதன் மிச்சம் ஒன்று உண்டு. எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும். அதைத் தடவித்தான் கை தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சாதாரண கணினியில் பிரெய்ல் அடிப்பவர்களுக்கு எஃப்தான் முதல் புள்ளி, ஜேதான் நான்காவது.

ரேஞ்சரில் கீழே போக ஜே, மேலே போக கே. ஜே-யில் மேடு இருப்பதால் இப்படி வைத்தார்கள் என்றுதான் நம்பியிருந்தேன். காரணம் வேறு. 1970களில் பில் ஜாய், விஐ எடிட்டரை ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் எழுதினார். அந்தப் பலகையில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சடித்திருந்தார்கள். கண்ணுக்காக அச்சடித்த அம்பு, 50 வருடமாக மென்பொருள் விட்டு மென்பொருள் தாவி அண்ணாவின் லேப்டாப் வரைக்கும் வந்திருக்கிறது. மேட்டில் விரல் உட்கார்வது தற்செயல்.

கோப்பு மேலாளர்களின் இன்னொரு பரம்பரை 1986இல் ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டரில் ஆரம்பிக்கிறது. இடது, வலது என்று இரண்டு பலகங்கள். எஃப்5 நகல், எஃப்6 நகர்த்து, எஃப்8 அழி. 1994இல் மிகெல் டி இகாசா தொடங்கிய மிட்நைட் கமாண்டர் அதே அமைப்பை யுனிக்ஸ் பக்கம் கொண்டுவந்தது. பார்ப்பவருக்கு இரண்டு பலகம் சௌகரியம். ஆனால் திரையின் ஒரு வரியைக் குரலில் படித்தால் என்ன கேட்கும்? கோடு, இடது பலகத்தின் கோப்பு, அளவு, தேதி, மறுபடி கோடு, சம்பந்தமே இல்லாத வலது பலகத்தின் கோப்பு. ரேஞ்சரில் மூன்று பத்திகள், நிலைமை இன்னும் மோசம். டெர்மினல் என்றால் வெறும் எழுத்துதானே, பார்வையற்றவருக்கு வசதிதானே என்ற என் நம்பிக்கை இங்கேதான் உடைந்தது. எழுத்தாலேயே படம் வரைந்து வைத்திருக்கிறோம்.

*

திரையைப் படிக்கும் மென்பொருள்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தலைவலி உண்டு. அவற்றுக்கும் விசை வேண்டும், மற்ற மென்பொருள்களுக்கும் விசை வேண்டும், இருப்பதோ ஒரே பலகை. 1980களில் ஐபிஎம்மில் ஜிம் தாட்சர் உருவாக்கிய ஸ்க்ரீன் ரீடர், சண்டையே வேண்டாம் என்று தனியாக ஒரு சின்ன விசைப்பட்டையைச் சேர்த்துக்கொண்டது. 1978இல் விபத்தில் பார்வையிழந்த பைக் பந்தய வீரர் டெட் ஹென்டர், 1989இல் டாஸுக்கான ஜாஸை வெளியிட்டார். பின்னாளில் அதன் கட்டளைகளின் அடையாளமாகவே ஆனது இன்சர்ட் விசை. கிர்க் ரெய்ஸர் லினக்ஸுக்கு எழுதிய ஸ்பீக்கப், எண் பலகையை எடுத்துக்கொண்டது: 8 அடித்தால் இந்த வரி, 5 அடித்தால் இந்தச் சொல், 2 அடித்தால் இந்த எழுத்து.

எண் பலகை இல்லாத லேப்டாப்பில் ஸ்பீக்கப் கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொள்ளும். கேப்ஸ் லாக்கோடு ஜே அடித்தால் முந்தைய சொல்லைப் படிக்கும். விரல் கொஞ்சம் நழுவி வெறும் ஜே மட்டும் விழுந்தால்? ரேஞ்சரில் ஒரு கோப்பு கீழே இறங்கிவிடும். எந்தக் கோப்பின் மேல் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்கும்போதே இடம் மாறிவிடுகிறது. அண்ணா இதை என்னிடம் பல தடவை சொல்லியிருந்தார். "பழகிடும்ணா" என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியவர் ஓர் இந்தியர். டி.வி. ராமன். 14 வயதில் பார்வை முழுதாகப் போனது. புனேயில் கணிதம், ஐஐடி பம்பாயில் கணினி, பிறகு கார்னெல். கணிதச் சமன்பாடுகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி பேசும் ‘ஆஸ்டர்’ என்ற முறைமைதான் 1994இல் அவருடைய முனைவர் ஆய்வு. 1995இல் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். விண்டோஸின் படங்களும் ஐகான்களும், டாஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பார்வையற்றவர்களை வெளியே தள்ளிவிடுமோ என்று பலரும் பயந்த காலம் அது.

ராமனின் யோசனை எளிமையானது. திரையில் வந்து விழுந்ததைப் படிக்காதே. எந்தக் கட்டளை ஓடியது, அதன் பொருள் என்ன என்று அந்தக் கட்டளையின் பக்கத்திலேயே நின்று பேசு. ஈமாக்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டளையைத் திருத்தாமலேயே அதன் முன்னும் பின்னும் நம் வேலையைச் சேர்க்க முடியும், அதற்கு ‘அட்வைஸ்’ என்று பெயர். ராமன் அந்த இடத்தில் பேச்சைச் சேர்த்தார். ஈமாக்ஸின் கோப்பு மேலாளரான டைர்டில் ஒரு வரி இறங்கினால் கோடும் தேதியும் வராது, கோப்பின் பெயர் வரும். குறியிட்டால் ஒரு சின்ன ஓசை, அழிக்கக் குறித்தால் வேறொன்று.

டைர்ட் 1970களின் சரக்கு. அதில் டி அடித்தால் எதுவும் அழியாது, ‘அழிக்க வேண்டியது’ என்ற குறி மட்டும் விழும். குறியை எடுக்க யு. எல்லாம் குறித்து முடித்த பிறகு எக்ஸ் அடித்தால், பட்டியலைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். நான் தூக்கி எறிந்த கேள்வி, அங்கே இரண்டு படியாக உட்கார்ந்திருந்தது.

*

திரும்பப் போய் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எந்த விசை எங்கே என்று அவர் சொன்னார், நான் எழுதினேன். ஈமாக்ஸ் கற்க அவருக்கு நேரமில்லை. எல்எஃப் என்ற சின்ன மேலாளரை எடுத்துக்கொண்டோம். ஒரே பத்தி, முன்னோட்டம் கிடையாது. தேர்வு மாறும்போதெல்லாம் நாம் சொல்லும் கட்டளையை அது ஓட்டும். அதில் கோப்பின் பெயரை ஈஸ்பீக்கிடம் கொடுத்தோம். வேகமாக இறங்கினால் பெயர்கள் வரிசை கட்டிக்கொண்டு, கை பத்தாவது கோப்பில் இருக்கும்போது குரல் மூன்றாவதில் நின்றது. புதுப் பெயர் வந்ததும் பழைய பேச்சை வெட்டச் சொன்னதும் சரியானது. அந்த நேரத்தில் ஸ்பீக்கப்பை வாயடைத்து வைத்தோம், இல்லையென்றால் இரண்டு குரல்.

அழிப்பதற்கு டைர்டின் வழி. டி அடித்தால் எத்தனை கோப்பு, என்ன பெயர் என்று சொல்லும், அவ்வளவுதான். எக்ஸ் அடித்தால் குப்பை ஃபோல்டருக்குப் போகும். டெலீட் விசைக்கு எந்த வேலையும் கிடையாது. "அது செத்த கீயாவே இருக்கட்டும்" என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார், எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். "தமிழ்ல டைப் பண்ணிட்டு அப்படியே இங்க வந்தா எதுவுமே வேலை செய்யலையே, ஏன்டா?"

அவர் தமிழ்99இல் அடிப்பவர். அந்தப் பலகை இயங்கும்போது ஜே அடித்தால் ‘ப’ வரும், கே அடித்தால் ‘ம’. மேலாளருக்கு ‘ப’ என்றால் என்னவென்றே தெரியாது, சும்மா இருக்கும். பார்ப்பவர் மூலையில் இருக்கும் மொழிக் குறியைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவருக்கு அது பதில் சொல்லாத மெஷின். அமைப்புக் கோப்பில் ‘ப’வுக்குக் கீழே, ‘ம’வுக்கு மேலே, டி இருக்கும் இடத்து ‘உ’வுக்கு எண்ணிச் சொல், எக்ஸ் இருக்கும் இடத்து ‘ஓ’வுக்கு நகர்த்து என்று நாலு வரி சேர்த்தேன். யுனிகோடு என்பதால் சத்தமில்லாமல் வேலை செய்தது. தமிழ்99இல் எஃப் விசை மெய்யெழுத்தின் புள்ளி. மேடிருக்கும் விசையில் புள்ளி இருப்பதைச் சொன்னபோது சிரித்தார். "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

தங்கையின் பதிவுகளில் பாதிக்கு மேல் கிடைத்தன. அவர் பழைய போனின் மெமரி கார்டில் ஒரு நகல் கிடந்தது. மீதியைத் தங்கை மறுபடி வாசித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார், இப்போது பின்னணியில் ஒரு குழந்தையின் சத்தமும் சேர்ந்து வருகிறது. அந்த ஃபோல்டர் மேல் நின்று போன வாரம் சோதனைக்கு டி அடித்தேன். "ஒன்று. தங்கச்சி பாடம்" என்றது ஈஸ்பீக், அதன் இயந்திரக் குரலில். அண்ணா கையை நீட்டி என் விரலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.