ஒரு விநாடியும் ஒரு காக்கிச் சட்டையும்

மக்களே, நம்ம பல்லடத்துல இருந்து ஒரு எட்டு பஸ்ஸுல போனா வந்துடற சேலத்துப் புள்ள பிரித்திகா யாஷினி. இந்தியாவிலயே முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர். பேரு தெரிஞ்ச அளவுக்கு அவங்க பட்ட பாடு நிறையப் பேருக்குத் தெரியாதுங்க.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1871ல வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்துல, வட இந்தியத் திருநங்கைகளைப் பதிவேட்டுல ஏத்திக் கண்காணிக்கணும்னு ஒரு தனிப் பகுதியே இருந்துச்சு. எந்தத் தப்பும் செய்யாமலே போலீஸ் பார்வையில குற்றவாளி! சட்டம் போனாலும் அந்தப் பார்வை லேசுல போகலை. தமிழ்நாட்டுல 2008ல, நாட்டிலேயே முதல் முறையா, திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15ல உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏத்துக்கிச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். 2015ல பிரித்திகா எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பம் போடறாங்க. உச்ச நீதிமன்றமே சொல்லியும், ஃபாரத்துல ஆண், பெண் ரெண்டே கட்டம்தான்! விண்ணப்பம் தள்ளுபடி. கோர்ட்டுக்குப் போய்த்தான் தேர்வே எழுத முடிஞ்சது. அப்புறம் நூறு மீட்டர் ஓட்டத்துல ஏறக்குறைய ஒரு விநாடி பிந்திட்டாங்க. மறுபடியும் கோர்ட்டு. 2015 நவம்பர்ல தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அவங்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னது. அதோட விடலைங்க. அடுத்த தேர்வுல இருந்து மூன்றாம் பாலினத்துக்கும் இடம் வேணும்னு உத்தரவு போட்டுச்சு. ஒருத்தருக்காகப் போட்ட கேஸு, பின்னாடி வர்றவங்களுக்கும் வழி விட்டது அங்கதான்.

இதைப் படிக்கையில நியூயார்க்கோட சாமுவேல் பேட்டில் ஞாபகம் வந்தார். கறுப்பினத்தவர். எழுத்துத் தேர்வுல பாஸானவரை, இதயத்துல கோளாறுன்னு சொல்லி ஒதுக்கினாங்க. சமூகத்துப் பெரியவங்க தலையிட்டு, மறுபடி டாக்டர் பார்த்தப்ப கோளாறு எதுவும் இல்லை! 1911ல சேர்ந்தார். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் போலீஸ்காரங்க அவர்கிட்ட பேச்சே வச்சுக்கலை. மனுஷன் அசரலை. 1926ல சார்ஜெண்ட், 1935ல லெப்டினன்ட். 2009ல ஹார்லெம்ல ஒரு நாற்சந்திக்கே அவர் பேரு வச்சாங்க. அங்க இதயம், இங்க ஒரு விநாடி. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா காரணத்துக்கா பஞ்சம்?

2017 ஏப்ரல்ல பிரித்திகா தர்மபுரியில எஸ்.ஐ.யா பொறுப்பேத்தாங்க. தமிழ்நாட்டோட முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள்ல ஒருத்தரான எழுத்தாளர் திலகவதிக்கும் அதே தர்மபுரி மாவட்டம்தான் சொந்த ஊரு. பிறகு இங்க திருநங்கைகள் காவலர்களாவும் சேர்ந்தாங்க. 2021ல சத்தீஸ்கர்ல ஒரே தேர்வுல 13 பேர் கான்ஸ்டபிள் ஆனாங்க.

ஆனா, ஒருத்தர் காக்கி போட்டதால மத்த எல்லாருக்கும் விடிஞ்சுடலைங்க. வாடகைக்கு வீடு கேட்டா இன்னும் கதவைச் சாத்தற ஊருங்கதான் அதிகம். ஆனா ராத்திரியில போலீஸைப் பார்த்தா ஓடி ஒளிஞ்ச ஒரு சனம், தன் ஆளு ஒருத்தரை ஸ்டேஷன் நாற்காலியில பார்த்திருக்குது. அது சின்ன விஷயமில்லைங்க. உங்க வீட்டுப் பக்கம் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகற புள்ளைங்க இருந்தா, இந்த ஒரு விநாடிக் கதையைச் சொல்லி வைங்க.