மாவளியும் தீப்பெட்டியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் குளிர்காலம் என்பது மழை ஓய்ந்து கண்மாயில் தண்ணீர் கிடக்கிற, கரிசலில் சோளமும் கம்பும் கதிர் பிடிக்கிற மாதங்கள்தான். கார்த்திகையில் தொடங்கித் தையோடு முடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் இந்த நாட்டில் சிறுபிள்ளைகளின் கைக்குச் சாமான் தாராளமாகக் கிடைத்ததும் அப்போதுதான். பனம்பூ, பனைமட்டை, கண்மாய்க் களிமண், அறுவடை முடிந்த புஞ்சையின் சோளத்தட்டை என்று எதற்கும் காசு வேண்டியதில்லை. அந்தப் பருவத்துக் கைவேலையைக் கல்வி என்று சொல்லலாமா, வேறு போக்கில்லாத பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாமா? கல்விதான் என்பேன். ஆனால் பிள்ளை செய்கிற எல்லாக் கைவேலையும் கல்வி ஆகிவிடாது. செய்த பொருள் பிள்ளைக்கே சொந்தமாக இருந்து, பருவம் போனதும் வேலையும் போய்விடுகிற வரைக்கும்தான் அது கல்வி. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்த மண்ணின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

பனை நின்ற ஊர்களில் கார்த்திகைத் தீபத்துக்குச் செய்த மாவளியை எடுத்துக்கொள்வோம். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைப் பொறுக்கி வந்து குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். முழுக்க எரியவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். கங்காகச் சிவந்திருக்கும்போதே மண்ணைத் தள்ளி மூடினால் கரி நிற்கும். ஆறியபின் அதை மாவாக இடித்து, பழைய துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். கட்டு தளர்ந்தால் கரி மொத்தமாகக் கொட்டிவிடும், ரொம்ப இறுக்கினால் பொறி பறக்காது. பிளந்த பச்சைப் பனைமட்டைக்கு நடுவே அந்தச் சுருளைச் செருகிக் கயிறு கட்டி, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். காற்றை அடைத்தால் நெருப்பு என்ன ஆகும், வேகமாகச் சுழற்றினால் பொறி எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் வருவதற்குப் பல வருஷம் முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அந்த ராத்திரியோடு மாவளியின் கதையும் முடிந்தது. அடுத்த கார்த்திகை வரை அதற்கு வேலையில்லை.

தையில் கதிர் அறுத்தபின் தட்டையின் முறை. மேல்தோலை நகத்தால் கீறி ஈர்க்கு ஈர்க்காக உரித்தால் உள்ளே வெள்ளையாக, மெத்தென்று தக்கை வரும். தோலின் ஈர்க்கே ஆணி, தக்கையே மரம். கண்ணாடி, கட்டில், மாட்டுவண்டி என்று பசையும் நூலும் இல்லாமல் கட்டிவிடலாம். எதைக் குத்தினால் பிளக்கும், எது தாங்கும் என்பதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறுந்தொகையின் ஒரு பாட்டில் பிள்ளைகள் இழுத்து மகிழ்கிற சிறுவண்டி தச்சன் செய்து கொடுத்தது. ஜெர்மனியில் 1840இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃபிரோபெல் பிள்ளைகளின் கையில் கொடுத்த பந்தும் கட்டையும்கூடப் பெரியவர்கள் செய்து வைத்தவைதான். தட்டை வண்டியில் தச்சனும் பிள்ளையே. இதில் கால ஒழுங்கும் உண்டு: நுங்கு வண்டி கோடைக்கு, பனங்கிழங்கு பிடுங்குவது மார்கழி, தைக்கு. நாட்காட்டி பார்க்கத் தெரியாத வயதில் மாதங்களின் வரிசையைப் பிள்ளை கற்றது இப்படித்தான்.

“இதைத்தானே ராஜாஜியும் சொன்னார்?” என்று கேட்கலாம். சரியான கேள்விதான். 1953இல் முதலமைச்சராக இருந்த அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயர் பெற்று எதிர்ப்பில் சிக்கிய அந்தத் திட்டம், 1954 ஏப்ரலில் விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சரான பிறகு கைவிடப்பட்டது. கைவிட்டது சரிதான். அருப்புக்கோட்டை நெசவுத் தெருவில் ஒரு பிள்ளை தார் சுற்றினால் அந்த நூல் அதனுடையதல்ல, சேலையும் அதனுடையதல்ல. தறி ஓடுகிறவரை அது ஓய முடியாது. அப்பனின் தொழிலையும் பிள்ளையின் கைவேலையையும் ஒன்றாகப் பார்த்ததுதான் அந்தத் திட்டத்தின் கோளாறு. ஆனால் அதை எதிர்த்த வேகத்தில், கையால் கற்பது என்றாலே சாதித் தொழில்தான் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஊறிப்போனதும் உண்மை. மாவளி எந்தச் சாதியின் தொழில்?

பிள்ளையின் கைவேலைக்கும் தொழிலுக்கும் உள்ள தூரத்தைச் சிவகாசி இன்னும் கூர்மையாகக் காட்டியது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கிற, காற்றில் ஈரம் குறைந்த இந்த நாடு அந்தத் தொழிலுக்கு வாகாக இருந்தது. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போனார்கள். அதே வயது, அதே நெருப்பு. ஆனால் மாவளி செய்கிற பிள்ளை பூவிலிருந்து பொறி வரைக்கும் முழுதாகப் பார்த்தது. பெட்டி ஒட்டிய பிள்ளை எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியது. அங்கே பருவமும் கிடையாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும், சிவகாசி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

பழைய காலத்தை மெழுகிப் பூசுகிறேன் என்ற குறையும் வரும். அதில் நியாயம் இல்லாமலில்லை. மாவளி சுற்றியது பெரும்பாலும் பையன்கள். மார்கழிக் கோலமும் சாணத்தில் பூசணிப்பூ வைப்பதும் பெண்பிள்ளைகள் பங்கு. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை தட்டைக்கு அடுத்தவர் புஞ்சையை நம்ப வேண்டும், அந்தப் புஞ்சையில் கால் வைக்க யாருக்கு உரிமை என்பதைச் சாதி தீர்மானித்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணர் சிறு வயதில் தகப்பனாரின் வழக்குத் தாள்களை எடுத்துக் கப்பல் செய்து ஏச்சு வாங்கியதாக அவர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. வக்கீல் வீட்டில் கைக்கு எட்டியது காகிதம். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குறைகள் யார் கைக்குப் பொருள் எட்டியது என்பதைப் பற்றியவை. கிடைத்த கை என்ன கற்றது என்பதை அவை பொய்யாக்கவில்லை.

இன்று பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கிற நகரத்துப் பெற்றோர் இயற்கைக் கைவேலை என்று பெட்டியில் அடைத்த சாமானை வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் வெட்டி, அளந்து, ஓட்டை போட்டு வருகிற பொருளில் பிள்ளைக்குப் பாதி வேலை ஏற்கெனவே போய்விட்டது. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் சோளம் விதைத்த கரிசலில் மக்காச்சோளம் ஏறிவிட்டது, பனையும் வெட்டுப்பட்டுக் குறைந்தது. 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு பனை விதைகளை வழங்குவதாகவும், மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும் அறிவித்தது. அப்படி ஊன்றிய விதை நாலைந்து மாதத்தில் கிழங்கு தரும். பூ விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷமாவது ஆகும்; மாவளிக்கு ஆகிற ஆண் பனையா, நுங்குக்கு ஆகிற பெண் பனையா என்பதும் அப்போதுதான் தெரியும்.