வாடிவீட்டிலிருந்து வெந்நீர்க் குழாய் வரை

கண்டி வீதியால் திருகோணமலைக்கு வருவோர் நகரை அடையுமுன் கடக்கும் ஊர்களில் ஒன்று கப்பல்துறை. அந்தப் பெயரே இப்பிரதேசத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லோரும் இந்தத் துறைமுகத்தை நாடியே வந்தார்கள். யார் எப்போது கோட்டையைப் பிடித்தார்கள் என்பதை நமது நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. வந்தவர்கள் எத்தகைய அறையில் உறங்கினார்கள் என்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆனால், ஒரு ஊர் தன் விருந்தாளியாக யாரை எதிர்பார்க்கிறது என்பதை விடுதி அறையைப் போல் காட்டிக் கொடுப்பது வேறெதுவுமில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் பயணிகளுக்கு இருந்தது வாடிவீடு. உயர்ந்த கூரை, அகன்ற விறாந்தை, நுளம்புவலை கட்டிய கட்டில், சாய்வு நாற்காலி, குசினியில் ஒரு சமையற்காரர். கடமை நிமித்தம் பயணம் செய்யும் அரசாங்க அதிகாரிக்கே அங்கு முன்னுரிமை. சாதாரண தமிழ்க் குடும்பங்கள் உறவினர் வீட்டிலோ கோயில் மடத்திலோ தங்கின. கோணேசர் கோயிலுக்கு வந்தவர்கள் அறை தேடியதில்லை. பாய் விரிக்க ஒரு திண்ணை போதுமாக இருந்தது.

1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுச் சென்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். போர்க்கப்பல்களின் துறையாக மட்டும் அறியப்பட்ட ஊரை உலகம் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது.

1966 இல் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. அவ்வாண்டு இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர் மட்டுமே. அடுத்த ஆண்டு வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் உல்லாசப் பயண வலயங்களில் ஒன்றாகக் குறித்தது. அதன் விளைவாக உப்புவெளியில் 'கிளப் ஓஷனிக்', நிலாவெளியில் 'நிலாவெளி பீச் ஹோட்டல்' போன்றவை எழுந்தன. எதிர்பார்க்கப்பட்ட விருந்தாளி, பனிக்காலம் முழுவதும் வெயிலைக் காணாத ஐரோப்பியர். பகல் முழுவதும் மணலில் கிடப்பவருக்கு அறை என்பது இரவில் படுக்கும் இடம் மட்டுமே. இரண்டு ஒற்றைக் கட்டில், ஒரு மின்விசிறி, இணைந்த குளியலறை, கடலைப் பார்த்த ஒரு கதவு. அக்காலத்துக்கு அதுவே நவீனம்.

1982 இல் நாட்டுக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை 407,230. அடுத்த ஆண்டு ஜூலையில் நடந்ததை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அந்த எண்ணிக்கையை நாடு மீண்டும் தொடுவதற்கு 1994 வரை செல்ல வேண்டியிருந்தது. அப்போதும் வந்தவர்கள் தெற்குக்கும் மேற்குக்கும் போனார்களேயன்றிக் கிழக்குக்கு வரவில்லை.

விடுதி அறைக்கு வயது, கட்டிய ஆண்டிலிருந்து எண்ணப்படுவதில்லை. கடைசியாகப் பழுது பார்த்த ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது. உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு கொங்கிறீற்றுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துச் சுவரைப் பிளக்கிறது. குளிரூட்டியின் வெளிப்பகுதியிலுள்ள மெல்லிய தகடுகளை அதே காற்று அரித்துவிடுகிறது. கடலோரக் கிணறுகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய இக்கட்டடங்கள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வருமானமின்றி நின்றன.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. மறு ஆண்டு பத்திரிகைப் பணிக்காகச் சென்ற நான் கடற்கரையோரமாக ஒரு விடுதியில் தங்கினேன். குழாயைத் திறந்தால் முதலில் செம்மஞ்சள் நிறத்தில் தண்ணீர் வரும். யன்னற் கொக்கி கையோடு கழன்று வந்தது. ஆனால் கதவுகளுக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். அந்த வர்ணத்தின் மணத்தில் இருந்த நம்பிக்கையை நான் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தது. நிலாவெளி பீச் ஹோட்டல் உட்படக் கரையோர விடுதிகள் பெரும் சேதமடைந்தன.

2009 இல் போர் முடிந்தபின் வந்த மாற்றம் வேகமானது. அவ்வாண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. கிளப் ஓஷனிக் புதுப்பிக்கப்பட்டுச் 'சாயா புளூ' ஆகிப் பின்னர் 'ட்ரிங்கோ புளூ பை சினமன்' ஆயிற்று. குளிரூட்டி, வெந்நீர், தட்டைத் தொலைக்காட்சி, இணைய வசதி எல்லாம் வந்தன. பூமியே ஏழு கிணறுகளில் வெந்நீர் தரும் கன்னியா பக்கத்தில் இருக்க, குழாயில் வெந்நீர் வராவிட்டால் விருந்தாளி முறையிடும் காலமும் வந்தது.

தெற்கோடு ஒப்பிட்டால் ஒன்று புரியும். ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1969 இல் திறக்கப்பட்ட பெந்தோட்டை பீச் ஹோட்டலும் இதே ஜோன் கீல்ஸ் குழுமத்துக்குரியது. அதைப் புதுப்பித்து 2019 இறுதியில் மீண்டும் திறந்தபோது, பாவாவின் சீடரான சன்ன தஸ்வத்தவைக் கொண்டு செய்தார்கள். ஈனா டி சில்வாவின் பற்றிக் துணி விதானத்தைக்கூட மறுபடி உருவாக்கினார்கள். அறைகள் இக்காலத்துக்கு மாறின. கட்டடத்தின் நினைவு தங்கிவிட்டது. திருகோணமலையில் அறைகளும் மாறின, பெயர்களும் மாறின. பழைய பெயரை இன்று முச்சக்கர வண்டிச் சாரதிகளில் மூத்தவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது வரும் விருந்தாளிகள் யார்? ஐரோப்பியர் வருகிறார்கள். விடுமுறையில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வானில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வருகிறார். எனக்கு முக்கியமாகப் படுபவர் அவர்தான். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பிள்ளைகளோடு வரும் திருகோணமலைக்காரர். அவருடைய வீடு விற்கப்பட்டிருக்கும், அல்லது இடிந்திருக்கும். உறவினர் வீட்டில் இடமிருந்தாலும் பிள்ளைகள் குளிரூட்டியில்லாமல் உறங்கமாட்டார்கள். ஆகவே பிறந்த ஊரில் கடவுச்சீட்டைக் காட்டி அறை எடுக்கிறார்.

இவருக்கு வேண்டியது இரண்டு ஒற்றைக் கட்டிலோடு உள்ள அறை அல்ல. மூன்று தலைமுறை ஒன்றாகத் தங்கக்கூடிய, நடுவே கதவு வைத்த இரண்டு அறைகள் வேண்டும். படியேற முடியாத அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, வழுக்காத குளியலறைத் தரை, பிடித்தெழக் கைப்பிடி வேண்டும். மாலையில் அயலவர் பார்க்க வந்தால் அமர்ந்து பேச ஒரு விறாந்தை வேண்டும். வாடிவீட்டில் இருந்த அந்த விறாந்தையைத்தான் நவீனத்தின் பெயரால் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள்.

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ சித்திரை முதல் புரட்டாதி வரை. அரையாண்டு வருமானத்தில் முழு ஆண்டுக்கும் துருவோடு போராடும் முதலாளிமாருக்கு இதெல்லாம் மேலதிகச் செலவு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 நெருக்கடியின் போதும் வெளிநாட்டுப் பயணிகள் நின்றுபோனதைக் கண்டோம். ஊரோடு உறவுள்ளவர் ஒரு பருவம் தவறினாலும் அடுத்த பருவத்தில் வருவார்.

அவர் வரும்போது அவருக்கென்று நினைத்துச் செய்த அறை ஒன்றாவது இருக்க வேண்டும். அதன் சுவரில் அந்த இடத்தின் பழைய பெயரோடு ஒரு பழைய படமும் தொங்கினால், பேரப்பிள்ளைக்குச் சொல்வதற்குத் தாத்தாவிடம் ஒரு கதை இருக்கும்.