பிறந்த தேதிக்கு யார் சாட்சி? பைட்காயின் தோற்றச் சர்ச்சையும் நிரலாளர் நம்பகமும்

2014 மார்ச்சில் பைட்காயின் என்ற கிரிப்டோ நாணயம் பொதுவெளிக்கு வந்தபோது, அதற்கு ஏற்கெனவே ஒன்றே முக்கால் வயது ஆகிவிட்டதாக அதைக் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். 2012 ஜூலை 4 அன்றே அது தொடங்கிவிட்டது, டார்க் வெப் எனப்படும் மறைவான இணையப் பகுதியில் ஒரு சிறு வட்டம் அதைப் புழங்கிவந்தது என்பது அவர்கள் கூற்று. பணம் அனுப்பியவர் யார், பெற்றவர் யார் என்பதைக் கணிதத்தால் மறைக்கும் கிரிப்டோநோட் நெறிமுறையில் எழுந்த முதல் நாணயம் அது. மொத்தமாக வரக்கூடிய ஏறத்தாழ 18,446 கோடி நாணயங்களில் 82 விழுக்காடு, உலகம் அதன் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே வெளியாகிவிட்டிருந்தது. அவை யார் கையில் இருக்கின்றன? மறைப்பதற்கென்றே பிறந்த நாணயத்தில் அந்தக் கேள்விக்குக் கணக்கேட்டைப் புரட்டி விடை காண வழியில்லை.

நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு இரண்டு பிறந்த தேதிகள் உண்டு. வீட்டில் சொல்வது ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிக்கொண்டது இன்னொன்று. அதனால் ஓய்வுபெறும் ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். பைட்காயினில் அந்த வித்தியாசத்தின் மதிப்பு 15,000 கோடி நாணயம்.

இந்தச் சர்ச்சையைக் கிரிப்டோ உலகின் உட்பகை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆவணங்களின் காலத்தை நிறுவும் பழைய துறைக்கு உரிய கேள்வி இது என்பதும், அந்தத் துறையின் அளவுகோலை வைத்தால் 2012 என்ற கூற்று நிறுவப்படாதது என்பதும் என் வாதம். அதிலிருந்து நிரலாளர்களை எந்த அடிப்படையில் நம்புவது என்ற கேள்விக்கும் ஒரு விடை கிடைக்கிறது.

முதலில் அந்த 82. பைட்காயினில் ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது கணக்கேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும், வெளியாகும் நாணயம், இன்னும் வெளிவராமல் மிச்சமிருப்பதில் 2,62,144இல் ஒரு பங்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது விதி. 2,62,144 பிளாக்குகளுக்கு ஏறத்தாழ 364 நாள் ஆகும். ஆக, ஓராண்டின் முடிவில் மிச்சம் 37 விழுக்காடாகச் சுருங்கும். 20 மாதங்களில் 19க்கும் கீழே போய்விடும். 2012 ஜூலையில் தொடங்கி 2014 மார்ச் வரை எண்ணினால், வெளியானது 82ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். எனவே 82 என்ற எண் தனிச்சான்று ஆகாது. சொல்லப்பட்ட தேதியையே அது வேறு உருவில் திருப்பிச் சொல்கிறது. தேதி பொய்யானால் அந்த நாணயங்களின் நியாயமும் சேர்ந்தே விழும்.

தேதியைப் பிளாக்செயின் எனப்படும் அந்த ஏடே நிரூபிக்காதா என்று கேட்கலாம். பரவலாக உள்ள ஒரு தவறான புரிதல் இது. பிளாக்செயின் வரிசையை நிரூபிக்கும்: இந்தப் பிளாக்குக்குப் பின்தான் அந்தப் பிளாக் என்று அடித்துச் சொல்லும். நேரத்தை அது நிரூபிப்பதில்லை. ஒவ்வொரு பிளாக்கிலும் உள்ள நேரமுத்திரை, அதை மைனிங் செய்தவர், அதாவது கணினியால் கணக்கிட்டு அந்தப் பிளாக்கை உருவாக்கியவர், தானே எழுதுவது. வலையமைப்பில் பலர் ஒரே சமயத்தில் இயங்கும்போது ஒருவர் எழுதும் நேரத்தை மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். தனி அறையில் ஒரே குழு எழுதும் ஏட்டில் அந்தக் கண்காணிப்பு இல்லை. மைனிங்கின் கடினமும் இந்த நேரமுத்திரைகளை வைத்தே கணக்கிடப்படுகிறது என்பதால், பழைய தேதிகளைச் சீராக எழுதிக்கொண்டே போனால் கடினம் ஏறவே ஏறாது. ஒரு கணினி இரண்டு நிமிடத்தில் ஒரு பிளாக் எடுக்கும் அளவுக்குக் கடினம் தாழ்ந்திருந்தால், 100 கணினிகள் 20 மாத வரலாற்றை ஏறக்குறைய ஆறே நாளில் எழுதி முடித்துவிடும். இப்படித்தான் நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. இப்படி நடந்திருந்தாலும் ஏடு இதே தோற்றத்தைத்தான் காட்டும் என்பதே சிக்கல்.

இலக்கிய வரலாறு எழுதுவோர் அகச்சான்று, புறச்சான்று என்று பிரித்துப் பார்ப்பது இங்கே அப்படியே பொருந்துகிறது. தன் காலத்தைப் பற்றி ஒரு நூல் தானே சொல்வதைப் புறத்தே உள்ள ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். பிட்காயினின் முதல் பிளாக் இதற்கு நல்ல பாடம். 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் தலைப்புச் செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த நாளுக்கு முன் அந்தப் பிளாக் பிறந்திருக்க முடியாது. ஒரு வாரத்துக்குள் மென்பொருளும் பொதுவில் வெளிவந்துவிட்டதால் பின்னெல்லையும் கட்டப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் முளையடித்த காலம் அது.

பைட்காயினுக்கு வேண்டியிருந்தது பின்னெல்லை: இந்த ஏடு 2012இலோ 2013இலோ இருந்தது என்பதற்குப் புறச்சாட்சி. இதற்கான வழி வெகு காலமாகத் தெரிந்ததே. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா ஆகியோரின் முறைப்படி 1995 முதலே ‘நியூயார்க் டைம்ஸ்’ விளம்பரப் பத்தியில் ஆவணங்களின் ஹாஷ் மதிப்பு, அதாவது உள்ளடக்கத்தைக் காட்டாத எண் கைரேகை, அச்சாகிவந்தது. செய்தித்தாள் வேண்டாம் என்றால் பிட்காயின் ஏட்டிலேயே ஒரு பரிவர்த்தனைக்குள் ஹாஷைப் பொதித்து வைத்திருக்கலாம், செலவு அற்பம். மறைவாக இயங்கியவர்கள் வெளியே வந்து சாட்சி சொல்வார்களா என்று பைட்காயின் தரப்பினர் கேட்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் ஹாஷ் எவரையும் காட்டிக்கொடுக்காது. கிரிப்டோநோட் போன்ற நுட்பமான நெறிமுறையை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிரிப்டோநோட்டின் விளக்கக் கட்டுரையின் நிலையும் இதுவே. நிக்கோலஸ் வான் சேபர்ஹேகன் என்ற பெயரில் உள்ள அதன் முதல் பதிப்பு 2012 டிசம்பர் என்றும், இரண்டாம் பதிப்பு 2013 அக்டோபர் என்றும் தேதியிடப்பட்டுள்ளன. அந்தப் பெயருக்குரியவர் யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை.

அகச்சான்று இன்னும் மோசம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் டேவிட் ஆண்டர்சன் 2014இல் கிரிப்டோநோட் வழிவந்த மைனிங் நிரலை ஆராய்ந்து எழுதினார். வெளியிடப்பட்ட நிரல் ஹாஷ் கணக்கைத் தேவையைவிடப் பல மடங்கு மெதுவாகச் செய்தது; திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாத வகையில் அந்த மந்தம் வேண்டுமென்றே புகுத்தப்பட்டதாக அவருக்குப் பட்டது. வேகமான நிரலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மந்தமானதை ஊருக்குக் கொடுத்தவர் எவரோ, அவருக்கு மைனிங்கில் போட்டியே இருந்திருக்காது. 2014 ஆகஸ்டில் புனைபெயரில் ஒருவர் இத்தகைய ஐயங்களைத் தொகுத்து நீண்ட குற்றப்பத்திரிகை போல எழுதினார். அதில் சில இடங்கள் ஊகத்தில் வழுக்கிப் போனவை. தேதி, மந்த நிரல் ஆகிய இரண்டு புள்ளிகளும் அந்த ஊகங்கள் இல்லாமலேயே நிற்கின்றன.

டேஷ் நாணயத்தின் கதை இங்கே ஒப்புநோக்கத் தக்கது. எவன் டஃபீல்ட் 2014 ஜனவரியில் எக்ஸ்காயின் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே சுமார் 19 லட்சம் நாணயங்கள் வெளியாகிவிட்டன. நிரலில் நேர்ந்த பிழை என்பது அவர் விளக்கம். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் தொடங்கிய நாள் ஊரறிந்தது, எத்தனை நாணயம் என்பதும் ஊரறிந்தது. கறையின் அளவைக் கோல் வைத்து அளக்க முடிகிறது. பைட்காயினில் கறை உண்டா என்பதையே அளக்க முடியாது. அந்தரங்க நாணயத்தில் தோற்றக் கேள்வி மற்ற நாணயங்களைவிடக் கனமாவது இதனால்தான். பிட்காயினின் ஆதி நாணயங்கள் அசைந்தால் உலகமே பார்க்கும். பைட்காயின் நாணயங்களில் 82 விழுக்காடும் ஒரே கையில் இருந்து, அந்தக் கை சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றாலும், ஏடு பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

மொனேரோவின் பிறப்பு இந்த ஐயத்தின் விளைவு. 2014 ஏப்ரல் 18 அன்று, ‘இன்றைய நாளுக்கு நன்றியுடையவன்’ என்று பொருள்படும் புனைபெயருடைய ஒருவர் பைட்காயின் நிரலை எடுத்து, ஏட்டை முதலிலிருந்து தொடங்கி, பிட்மொனேரோ என்று வெளியிட்டார். நாணயம் வெளியாகும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். சில நாட்களிலேயே அந்தப் புனைபெயர்க்காரருக்கும் பயனர்களுக்கும் இடையே முரண்பாடு முற்றியது. பயனர்கள் நிரலைத் தாங்களே எடுத்துக்கொண்டு, எஸ்பெராண்டோ மொழியில் நாணயம் என்று பொருள்படும் மொனேரோ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். நிறுவனர் தனித்து விடப்பட்டார். பொறுப்பேற்ற எழுவரில் பெரும்பாலோரும் புனைபெயர்க்காரர்கள்தான். சொந்தப் பெயரில் பரவலாக அறியப்பட்டவர் ரிக்கார்டோ ஸ்பாக்னி.

மொனேரோ ஆர்வலர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பைட்காயின் இருட்டு, மொனேரோ வெளிச்சம் என்று முடித்துவிடுகிறார்கள். அது அவ்வளவு சுத்தமாக இல்லை. மந்த நிரல் மொனேரோவுக்கும் சீதனமாக வந்தது. அதை வேகப்படுத்தத் தெரிந்த சிலர், ஆண்டர்சன் உட்பட, தொடக்க மாதங்களில் மற்றவர்களைவிட மலிவாக மைனிங் செய்து லாபம் பார்த்தார்கள். அவர் அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். வேறுபாடு, எல்லோருக்கும் ஒரே நாளில் கதவு திறந்தது என்பதில் இருக்கிறது.

ஏமாற்றுக்காரர்கள் எழுதியிருக்கக்கூடிய நிரலின் மேல் கட்டிய வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்பது அடுத்த கேள்வி. கணிதத்துக்குக் குலப்பாவம் இல்லை. கிரிப்டோநோட்டின் அடிப்படையான, ஒரு குழுவில் கையொப்பமிட்டவர் யார் என்பதை மறைக்கும் வளையக் கையொப்பம் 2001இல் ரிவெஸ்ட், ஷமீர், டாவ்மன் ஆகிய மூவரும் வெளியிட்டது. அதன் தடமறியத்தக்க வடிவம் ஃபுஜிசாக்கி, சுசுகி ஆகியோரின் 2007ஆம் ஆண்டுப் பணி. சேபர்ஹேகன் எவராயினும் சூத்திரங்களைச் சரிபார்க்க அவர் தேவையில்லை. நிரல் வேறு. சூத்திரம் சரியாக இருக்க, நிரல் கோணலாக இருக்க முடியும். 2014 செப்டம்பரிலேயே மொனேரோ ஏடு ஒரு தாக்குதலால் பிளந்தது. காரணம் பைட்காயினிடமிருந்து வந்த ஒரு பிழை. அதே செப்டம்பரில் மொனேரோ ஆய்வுக்கூடம் தன் முதல் அறிக்கையில், ஒருவரே பெருமளவு நாணயங்களை வைத்திருந்தால் மற்றவர்களின் மறைப்பும் சங்கிலித் தொடராகக் கலையும் என்று காட்டியது. பெரும்பங்கு யாரிடம் என்ற கேள்வி இங்கே பணக்கணக்கைத் தாண்டி அந்தரங்கத்தையே தொடுகிறது. 2017இல் மிகப் பெரிய பிழை வெளிப்பட்டது: கிரிப்டோநோட் நாணயங்களில் கணக்கின்றிப் போலி நாணயம் உருவாக்க முடியும். மொனேரோவினர் அதை மௌனமாகச் சரிசெய்து, மற்ற நாணயங்களுக்கும் தெரிவித்து, மே மாதம் விவரத்தை வெளியிட்டார்கள். பைட்காயினில் அந்த ஓட்டை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருந்தது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

பெயர் தெரிந்தவர்களை நம்பலாம், புனைபெயர்களை நம்பக்கூடாது என்ற எளிய விதி ஸீகேஷில் உடைகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் 2013, 2014 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்து, ஸூக்கோ வில்காக்ஸின் நிறுவனம் 2016 அக்டோபர் 28 அன்று தொடங்கிய நாணயம் அது. தோற்றத்தில் ஒளிவு இல்லை. முதல் நான்கு ஆண்டுகளில் வெளியாவதில் 20 விழுக்காடு நிறுவனர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் என்பதும் முன்கூட்டியே அறிவித்தது. ஆனால் அது இயங்கத் தொடக்கத்தில் ஓர் இரகசிய எண் உருவாக்கப்பட்டு அழிக்கப்பட வேண்டும். அழியாமல் எவரிடமாவது தங்கினால் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போலி நாணயம் அடிக்கலாம். ஆறு பேர் வெவ்வேறு இடங்களில் அமர்ந்து அந்தச் சடங்கை நடத்தினார்கள். ஒருவர் நேர்மையாக இருந்தாலும் போதும். அவர்களில் ஜான் டாபர்ட்டின் என்ற பெயரில் இருந்தவர் எட்வர்ட் ஸ்னோடன் என்று 2022இல்தான் தெரிந்தது. பெயர் தெரிந்தவர்களின் நாணயமும் கடைசியில் ஒரு புனைபெயரின் மேலும் சாய்ந்திருந்தது.

2018 மார்ச் 1 அன்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஏரியல் கபிஸோன், போலி நாணயத்துக்கு இடம்கொடுக்கும் பிழையைக் கண்டார். அக்டோபரில் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை நால்வருக்கு மட்டுமே அது தெரியும். பிழையைச் சுரண்டத் தேவையான தரவு தொடக்கச் சடங்கின் பதிவேட்டில் இருந்ததால், பதிவேட்டைப் பொதுவெளியிலிருந்து எடுத்துவிட்டு, அது தற்செயலாக அழிந்துவிட்டது என்று சொல்லிவைத்தார்கள். 2019 பிப்ரவரியில் எல்லாவற்றையும் தாங்களே வெளியிட்டார்கள், அந்தப் பொய் உட்பட. நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்தான். வேறு வழியும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எட்டு மாதம் பயனர்கள் நால்வரின் நல்ல மனத்தை நம்பியே இருந்தார்கள். அதன்பின் ஸீகேஷ் எடுத்த வழியைத்தான் நான் மெச்சுவேன்: மறைக்கப்பட்ட நாணயங்கள் சேர்ந்திருந்த பழைய குளத்திலிருந்து அவை வெளியேறும்போது தொகை கண்ணுக்குத் தெரியும்படி அமைத்ததால், உள்ளே போனதைவிட அதிகம் வெளியே வந்தால் மாட்டிக்கொள்ளும். 2022இல் வந்த புதிய அமைப்புக்கு இரகசிய எண் சடங்கே தேவைப்படவில்லை.

நிரலாளரை நம்புவதற்கான அளவுகோலை நான் இங்கே வைக்கிறேன்: அவர் ஏமாற்ற நினைத்தால் எவ்வளவு ஏமாற்ற முடியும் என்ற அளவு ஆண்டுக்காண்டு குறைகிறதா? மொனேரோவில் நிறுவனரை ஒதுக்க முடிந்தது. ஸீகேஷ் தன் நிறுவனர்களின் கையில் இருந்திருக்கக்கூடிய சாவியைத் தேவையற்றதாக்கியது. பைட்காயின் இந்த அளவுகோலில் எதையும் காட்டவில்லை. தொடக்கத்தில் மறைந்திருந்தது இன்றும் மறைந்தே இருக்கிறது.

கிரிப்டோ நாணய வரலாறு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். கிரிப்டோநோட் 2012இல் தோன்றியது என்ற வரி கலைக்களஞ்சியங்களிலிருந்து ஆய்வேடுகளுக்கு அப்படியே தாவிக்கொண்டிருக்கிறது. ஐயத்துக்குரிய செப்பேட்டின் காலத்தைக் கல்வெட்டாய்வாளர் எப்படிக் குறிப்பாரோ அப்படி எழுதுங்கள்: பொதுவெளிக்கு வந்தது 2014 மார்ச், 2012 என்பது உரிமைகோரல்.