இறகும் தலைப்பாகையும்: பாரிஸ் மேடையில் ஒரு ‘இந்தியா’



சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த அலுவலகத்தில் பல்கலாசார தினம் கொண்டாடினார்கள். “உங்கள் நாட்டுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வாருங்கள்” என்று அன்போடு கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் வாழ்நாளில் தலைப்பாகை கட்டியதில்லை. வேட்டியோடு போனேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவர்கள் மனதில் இருந்த அந்தப் படம் எவ்வளவு பழையது என்று தேடிப் பார்த்தேன். தேடல் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஒப்பெரா மேடைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது.

1735 ஆகஸ்ட் 23 அன்று அங்கே ‘லே ஸாந்த் கலாந்த்’ என்ற இசை நடன நாடகம் அரங்கேறியது. இசை ழான் பிலிப் ராமோ, எழுத்து லூயி ஃபூசெலியே. ‘காதல் கமழும் இந்தியத் தேசங்கள்’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆனால் உள்ளே வருவது ஒரு துருக்கியப் பாஷாவின் கதை, பெரு நாட்டு இன்காக்களின் கதை, பாரசீக மலர் விழா. 1736இல் வட அமெரிக்கக் காட்டுக் கதை ஒன்றும் சேர்ந்தது. இந்தியா மட்டும் இல்லை! கடல் கடந்த தூர தேசங்கள் பலவும் அன்று ஐரோப்பியருக்கு ‘இந்தியா’தான். பேரேட்டில் தலைப்பு இருக்கிறது, கீழே ஒரு பதிவும் இல்லை. கணக்காளனான எனக்கு அப்படித்தான் தோன்றியது.

உடையும் இதே கதைதான். அக்கால மேடையில் ஆண் நடனக்காரருக்கு இடுப்பில் விறைப்பாக விரியும் குட்டைப் பாவாடை. பெண்களுக்குப் பக்கங்களில் வளையம் வைத்து அகலமாக்கிய பாவாடை. இரண்டும் பிரெஞ்சு அரசவைப் பாணி. அதன்மேல் இறகு வைத்தால் அமெரிக்கர், தலைப்பாகை வைத்தால் துருக்கியர். அவற்றைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பிரெஞ்சுப் பிரபுதான்.

இதில் நமது கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரி உள்ளிட்ட சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சாயமிட்ட பருத்தித் துணிகளுக்குப் பிரான்சில் பெரும் மோகம் இருந்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவைக் காக்க அரசு 1686இல் அவற்றைத் தடை செய்தது. 1759 வரை தடை நீடித்தது. கள்ளக் கடத்தலும் நீடித்தது. ஆக, மேடையில் ‘இந்தியா’வுக்குக் கைதட்டல் கிடைத்த அதே நாட்களில், இந்தியாவின் உண்மைத் துணி சட்ட விரோதப் பொருள்!

இன்னொரு செய்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1725இல் லூசியானாவிலிருந்து வந்த அமெரிக்கப் பூர்வகுடியினர் இருவர் பாரிஸ் அரங்கொன்றில் தங்கள் ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். அந்த ஆட்டம் தந்த தூண்டுதலில் ராமோ ஹார்ப்சிகார்டுக்கு ஒரு மெட்டு அமைத்தார். அதே மெட்டைத்தான் 1736இல் சேர்த்த காட்டுக் கதையிலும் பயன்படுத்தினார். கதையில் பூர்வகுடிப் பெண் ஸீமா, பிரெஞ்சு அதிகாரியையும் ஸ்பானிய அதிகாரியையும் மறுத்து, தன் இனத்து அடாரியோவையே தேர்ந்தெடுக்கிறாள். எழுத்தாளர் அவளுக்குச் சொந்தப் புத்தியைக் கொடுத்தார். மேடை அவளுக்குச் சொந்த உடையைக் கொடுக்கவில்லை.

1760இல் நடன ஆசான் நோவேர், முகமூடியையும் அந்த விறைத்த பாவாடைகளையும் விட்டொழிக்கச் சொல்லி எழுதினார். ஆடுபவரின் முகமும் உடலும் பேச வேண்டும் என்பது அவர் வாதம். மாற்றம் மெதுவாகத்தான் வந்தது.

2017இல் கிளெமோன் கொஜித்தோர் என்ற கலைஞர் ஒரு குறும்படம் எடுத்தார். பாரிஸ் பஸ்தீல் ஒப்பெரா மேடையில், ராமோவின் அதே மெட்டுக்குத் தெரு நடன இளைஞர்கள் தங்கள் அன்றாட உடையிலேயே ஆடுகிறார்கள். இறகு இல்லை, தலைப்பாகை இல்லை. ஆட்டம் மட்டும் அனலாகப் பறக்கிறது.

அடுத்த பல்கலாசார தினத்தில் உங்கள் பிள்ளையிடம் “உங்கள் நாட்டு உடையில் வா” என்று யாராவது சொன்னால் கோபிக்க வேண்டாம். என்ன உடுத்துவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அதன் கதையையும் பிள்ளையே சொல்லட்டும்.